ராணி என்று எழுதினால் தோளில் கை போடுவார்கள்

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையில் துணையாசிரியராக இருந்துவிட்டு இங்கே வந்தவளுக்கு வேறு விதமாகத் தொடங்கத் தெரியாது. கம்போடியாவிலிருந்து நம் அருங்காட்சியகத்துக்குக் கடனாக வந்த ஒரு பழைய கெமர் பெண் சிலைக்கு, அது இங்கே நின்ற குறுகிய காலத்தில், மூன்று விளக்க அட்டைகள் எழுதினேன். சிலை அப்படியேதான் நின்றது. அட்டை மாறும்போதெல்லாம் எதிரே நின்றவர்கள் மாறினார்கள். நடுவில், அந்தக் கூடத்தைப் பார்த்துக்கொண்ட உமாவின் வேலை போகப் பார்த்தது.

நீங்கள் இந்தப் பிரிவுக்குப் புதியவர்கள். அட்டை எழுதுவது எல்லாம் முடிந்த பிறகு செய்யும் உதிரி வேலை என்று இதற்குள் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சிலையை நிறுத்தி, விளக்குப் பொருத்தி, சுவருக்கு வண்ணம் பூசி, அழைப்பிதழும் அச்சுக்குப் போன பிறகுதான், "நாலு வரி எழுதிக் குடுங்க மேடம்" என்று நம்மிடம் வருவார்கள். அந்த நாலு வரி என்ன செய்யும் என்பதற்கு மாடியில் இருக்கும் நாற்காலியே சாட்சி. 'இதில் ஒரு நவாப் அமர்வது வழக்கம்' என்று அட்டை வைத்திருந்தோம். 'அமரக் கூடாது' என்ற பலகையும் பக்கத்திலேயே இருந்தது. கொஞ்ச நாளில் நாற்காலியின் கால் ஆட்டம் கண்டது. அட்டையை மாற்றி 'பூச்சி அரித்த மர நாற்காலி' என்று வைத்தோம். அதற்குப் பிறகு அதில் ஒருவரும் உட்காரவில்லை. இரண்டு அட்டையும் உண்மைதான்.

இனி சிலைக்கு வருகிறேன். ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவு. மணற்கல். இடுப்புக்கு மேலே ஆடை கிடையாது. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இஸ்திரி போட்டது போன்ற மடிப்புகள். முன்பக்கம் துணியின் நுனி மீன்வாலாக விரிந்து தொங்கும். கழுத்தில் மூன்று மெல்லிய கோடுகள். கண்கள் பாதி மூடியவை. உதடு சிரிக்கப் போகிறதா, சிரித்து முடித்ததா என்று சொல்ல முடியாது. இரண்டு கைகளும் முழங்கைக்கு மேலேயே உடைந்திருந்தன.

சிக்கல் அந்தக் கைகளில்தான். கையில் தாமரை இருந்திருந்தால் தேவி என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்நாட்டு மன்னர்கள் சிலர் தங்கள் வீட்டுப் பெண்களைத் தேவியின் உருவத்திலேயே வடித்து வைத்ததுண்டு. இறந்த அரசியின் பெயரும் தேவியின் பெயரும் ஒன்றாகவே வழங்கும். ஆகவே நிபுணர்கள், 'அரசியாகவோ தேவியாகவோ இருக்கலாம்' என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். நிபுணர்களுக்கு அந்த வசதி உண்டு.

எங்கள் இயக்குநருக்கு அந்த வசதியில் நம்பிக்கை இல்லை. அவர் ராணுவத்தில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றவர், சைனிக்புரியில் வீடு. தெலுங்கும் உருதும் புழங்கும் இந்த ஊரில் அவரும் தமிழர்தான். ஆனால் ஊர் ஊராகக் கண்டோன்மென்ட்டுகளில் வளர்ந்ததால் அவருடைய தமிழ் பெரும்பாலும் கட்டளையாகவே வெளியே வரும்.

"சாமியா, இல்லையா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"தெரியாது சார்."

"தெரியாதுன்னு போர்டு வைக்க முடியாது மேடம். டிக்கெட் வாங்கிட்டு வர்றாங்க."

ஆடி மாதம். ஊர் முழுக்க அம்மன் பேச்சாக இருந்தது. தேவி என்றே போகட்டும் என்றார். முதல் அட்டை அப்படித்தான் பிறந்தது.

உமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காட்சிக்கூடம் அவள் பொறுப்பில் இருந்தது, ஒப்பந்த வேலை. லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். அப்பா அங்கே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். குடும்பம் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து பல தலைமுறை ஆகிவிட்டது. அம்மாவின் பேச்சு மட்டும் ஆற்காட்டை விட்டுக் கிளம்பவே இல்லை. கண்காட்சிக்கு முந்தின நாள் கர்னல் எல்லோர் முன்னாலும் உமாவிடம் சொன்னார்: "சிலை வந்த மாதிரியே திரும்பிப் போகணும். போனா நீ பர்மனென்ட். ஒரு கீறல், ஒரு கறை இருந்தாலும் உன் காண்ட்ராக்ட் இந்த ஷோவோட முடியுது. கிளியர்?"

"கிளியர் சார்" என்றாள் உமா. வேறென்ன சொல்ல முடியும்.

சிலையோடு போபா என்ற பெண்ணும் வந்திருந்தார். கல் சிலைகளைப் பராமரிக்கும் நிபுணர். கண்காட்சி முடிந்து சிலையைத் திரும்பக் கொண்டுபோகும்வரை இங்கேயே தங்கும் ஏற்பாடு. பெட்டியைத் திறந்த அன்றைக்கு, கையுறை இல்லாமல் கிட்டே போன எங்கள் எலெக்ட்ரீஷியனை ஒரு பார்வையிலேயே வாசல்வரை கொண்டுபோய் விட்டார். தினமும் காலையில் கதவு திறப்பதற்கு முன்பே வந்து, சிலையோடு தனியாகக் கொஞ்ச நேரம் இருப்பார். ஏதோ பரிசோதனை என்று நாங்கள் அந்தப் பக்கம் போகமாட்டோம்.

தேவி அட்டை வைத்த முதல் வெள்ளிக்கிழமை, காட்சிக்கூட வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. சிலையைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கயிறு கட்டியிருந்தோம். நம் ஊரில் கயிறு கட்டினால் அதற்கு அந்தப் பக்கம் ஏதோ விசேஷம் என்று பொருள். மல்லிகைப் பூ, எலுமிச்சம்பழம், சில்லறை, ஒரு மாணவனின் ஹால் டிக்கெட் நகல் எல்லாம் கயிற்றோரம் சேர்ந்தன. கற்பூரத்தை மட்டும் காவலர் வாசலிலேயே பிடித்துவிட்டார்.

ஒரு விஷயத்தைக் கவனித்தேன். பூவும் பழமும் கயிற்றுக்கு இந்தப் பக்கமே விழுந்தன. சிலையை ஒருவரும் தொடவில்லை. அப்போது அது எனக்குச் செய்தியாகப் படவில்லை. நடக்காத ஒன்றைச் செய்தியாக எழுதும் பழக்கம் பத்திரிகையில் இல்லை.

போபா பூக்களைப் பார்த்தார், ஈரமானவற்றை மட்டும் பொறுக்கித் தள்ளி வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. கர்னல் அந்த மௌனத்தைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார்.

"இது மியூசியமா, கோயிலா? மேடம், அட்டையை மாத்துங்க. ராணின்னு போடுங்க."

"நிபுணர்கள் இருக்கலாம்னுதானே சார் சொன்னாங்க."

"தேவியும் இருக்கலாம்தானே. அந்தக் கலாமைப் போட்டோம். இப்ப இந்தக் கலாமைப் போடுங்க."

தர்க்கத்தில் குறை சொல்ல முடியவில்லை. 'கெமர் அரசி, மணற்கல்' என்று இரண்டாவது அட்டை வந்தது.

மறுநாளே செருப்புகள் கால்களுக்குத் திரும்பிவிட்டன. பூ நின்றது, எலுமிச்சை நின்றது, கர்னல் மகிழ்ந்தார். பூ வந்த கைகளில் இப்போது போன் வந்தது. கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து, சிலையின் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். கன்னத்தோடு கன்னம் வைத்தவர்களும் உண்டு. ஒருவர் தன் மனைவியைப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு பேரின் இடுப்பையும் ஒப்பிட்டுக் கருத்துச் சொன்னார். மனைவி திருப்பிச் சொன்ன கருத்தை நான் எழுதப் போவதில்லை.

"நக்கோ பாய், பின்னாடி வாங்க. தொடக் கூடாது" என்று உமா நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். 'நக்கோ' என்றால் இந்த ஊர் உருதுவில் வேண்டாம்.

"கைக்கு?" என்றான் ஒரு கல்லூரிப் பையன். ஏனாம். "ராணிதானே மேடம். சாமி இல்லையே."

அந்த நாட்களில் போபா ஊரில் இல்லை. திரும்பும் பயணத்துக்கான அனுமதி வேலையாக டெல்லி போயிருந்தார். கண்காட்சிக்குப் பண உதவி செய்தவர்களில் ஒருவர் வந்தபோது, கர்னல் அவரைச் சிலைக்கு ஒரு பக்கம் நிறுத்தி, தான் மறுபக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டார். ராணியின் இரண்டு தோள்களிலும் இரண்டு கைகள். படம் நன்றாக வந்ததால் பெரிதாக்கிப் பார்வையாளர்கள் வரும் நுழைவாயிலில் மாட்டினார்கள்; எங்கள் வழி பின்வாசல்.

போபா திரும்பி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. கண்காட்சியின் கடைசி வாரம். அன்றைக்கு மதியம் உமாவின் அம்மா வந்தார்.

மகள் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க அவர் வருவது அதுதான் முதல் தடவை. லாலாகுடாவிலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். உமா அவரைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வந்துவிட்டார்கள். "இங்கியே நில்லு மா" என்று அம்மாவைச் சிலைக்கு எதிரே நிறுத்திவிட்டு உமா வாசலுக்கு ஓடினாள். பிள்ளைகளை வரிசைப்படுத்திவிட்டுத் திரும்பி வந்தால், சிலையின் நெற்றியில் சிவப்பாக ஒரு பொட்டு. நல்ல வட்டமாக, நடுவாக. அம்மா கைப்பையில் குங்குமச் சிமிழைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே வந்தபோது உமா துப்பட்டாவின் நுனியைத் தண்ணீர் பாட்டிலில் நனைத்துவிட்டிருந்தாள். நம் வீட்டுப் பெண்கள் யாராக இருந்தாலும் முதலில் செய்வது அதுதான். அவள் கையைப் பிடித்தேன்.

"விடுங்க மேடம், தண்ணி வெச்சு ஒரு தேய் தேச்சா போயிடும்."

"வெள்ளைச் சட்டையில விழுந்த குங்குமத்தைத் தண்ணி வெச்சுத் தேச்சிருக்கியா?"

கை நின்றது. தேய்த்திருக்கிறாள் என்று தெரிந்தது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு மா இப்டி பண்ண? என் வேலையே போயிடும் மா."

"இன்னா பண்ணிட்டேன்? நெத்தி வெறுமையா நிக்கிறா. வெச்சேன்."

"சாமிக்கு நீயே வெப்பியா?"

"சாமியா இருந்தா நான் ஏன்டி தொடப் போறேன்? ஐயர் இல்லாம சாமிமேல கை வெக்கிறதுக்கு எனக்கு இன்னா பைத்தியமா? ராணின்னு போட்டுகினு இருக்குது. ராணின்னா பொம்பளைதானே. வேற ஊர்லேர்ந்து வந்துட்டுப் போறவளை வெறும் நெத்தியோடவா அனுப்புவாங்க?" பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்க மேடம்" என்றார்.

அட்டையை எழுதியவள் நான். தேவியைத் தொட இந்த அம்மாள் பயந்திருப்பார். தொடட்டும் என்று அனுமதித்தது எங்கள் இரண்டாவது அட்டை.

அதற்குள் கர்னல் வந்துவிட்டார். மூன்று மணிக்கு நன்கொடையாளர்கள் வருவதாக இருந்தது. வழியைச் சரிபார்க்க வந்தவர் பொட்டைப் பார்த்தார்.

"யார் பண்ணது?"

பள்ளிக்கூடப் பிள்ளைகள் அங்கேதான் இருந்தார்கள். அவர்களில் யாரோ என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு யாரும் மறுத்திருக்கமாட்டார்கள்.

"எங்கம்மா சார்" என்றாள் உமா.

கர்னல் அந்த அம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாள் கர்னலைப் பார்த்துக் கும்பிட்டார். உமாவிடம் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "போபா சாப்பிடப் போயிருக்காங்க. வர்றதுக்குள்ள அழிச்சிடு. நான் பார்க்கலை, நீயும் பார்க்கலை. உனக்காகத்தான் சொல்றேன்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பதை எழுதியாக வேண்டும். அவளுக்கு ஒரு வழி காட்டினார். அந்த வழியில் போனால் வேலை மிஞ்சும், கல்லில் சிவப்பு இறங்கும். போகாவிட்டால் கல் தப்பிக்கலாம், வேலைக்கு உத்தரவாதமில்லை. உமாவின் துப்பட்டா நுனியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பிழிந்தாள். போனை எடுத்தாள்.

"யாரைக் கூப்பிடுறே?"

"போபாவை சார்."

"இது ஆர்டர் உமா."

"அழிக்கமாட்டேன் சார். தண்ணி பட்டா உள்ள போயிடும். எனக்கு வேலை போனா போகட்டும்." அதற்குள் விரல் எண்ணை அழுத்திவிட்டது.

போபா சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். அது ஏன் என்று எங்களுக்குப் புரிவதற்குள் சிலைக்கு எதிரே மண்டியிட்டு, கைகூப்பி, தன் மொழியில் மெல்லிய குரலில் ஏதோ சொன்னார்; தொடுவதற்கு அனுமதி கேட்டது என்று பிறகு அவரே சொன்னார். நெற்றி தரையில் பட வணங்கி எழுந்தார். கையுறை போட்டார். வேலையைத் தொடங்கினார்.

கர்னல் என்னைப் பார்த்தார். இத்தனை நாளும் நாங்கள் யாருக்குக் கோபம் வரும் என்று பூவையும் எலுமிச்சையையும் விரட்டினோமோ, அவர் தினமும் காலையில் தனியாகச் செய்துகொண்டிருந்த பரிசோதனை இதுதான்.

மென்மையான காய்ந்த தூரிகையால் போபா பொட்டைத் தட்டினார். பொடி மெதுவாக உதிர்ந்தது. ரப்பர் ஊதியை அழுத்தி மிச்சத்தை ஊதினார். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து நெற்றியை வெகு நேரம் பார்த்தார்.

"காய்ந்த பொடி. போய்விட்டது" என்றார் ஆங்கிலத்தில். "தண்ணீர் வைத்தீர்களா?"

"இல்லை" என்றாள் உமா.

"நல்லது. எங்கள் ஊரில் சிலைகளுக்கு வாசனைத் தண்ணீர் தெளிப்பார்கள். அதற்கு இது எவ்வளவோ மேல்." யார் வைத்தது, ஏன் நெற்றியில் என்று கேட்டார். உமா மொழிபெயர்த்தாள். அம்மாவின் விளக்கத்தைக் கேட்டு, போபா இங்கே வந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.

டார்ச் அணையவில்லை. வெளிச்சம் நெற்றியிலிருந்து கழுத்துக்கு இறங்கி, இடது தோளில் நின்றது. அங்கே கல் கறுத்து, லேசாகப் பளபளத்தது. வலது தோளிலும் அதே பளபளப்பு. கை வியர்வையும் எண்ணெயும் ஏறிய கல் அப்படித்தான் ஆகும். நேர் வெளிச்சத்தில் தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில் மறைக்க முடியாது.

"இது பொடி இல்லை" என்றார் போபா. "இது போக நாளாகும். ஊருக்குப் போய்த்தான் செய்ய வேண்டும். இது யாருடைய கை?"

பதில் நுழைவாயிலில், சட்டம் போட்டு, விளக்கும் வைத்து மாட்டப்பட்டிருந்தது. நன்கொடையாளர்கள் மூன்று மணிக்கு வந்தபோது அந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. கழற்றச் சொல்லி உத்தரவு வந்ததாக எனக்குத் தகவல் இல்லை.

அன்று மாலை மூன்றாவது அட்டையை எழுதினேன். இந்த முறை கர்னல் எதுவும் சொல்லவில்லை. அட்டை இதுதான்:

'இவர் அரசியா, தேவியா என்பது தெரியவில்லை. கைகள் கிடைத்திருந்தால் தெரிந்திருக்கும். இவருடைய நாட்டிலிருந்து கூட வந்திருப்பவர் தினமும் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு இவரை வணங்குகிறார். தொடுவதற்கு முன் இவரிடம் அனுமதி கேட்கிறார்.'

பத்திரிகையில் கற்ற பாடம் இவ்வளவுதான்: தெரிந்ததை எழுது, தெரியாததைத் தெரியாது என்று எழுது, கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடி எழுது. நிபுணர் சொல்லும் 'கலாம்' ஒன்றை எடுத்து 'ஆம்' ஆக்கும்போது, நீங்கள் தேர்ந்தெடுப்பது ஒரு சொல்லை மட்டும் அல்ல என்பதை நினைவில் வையுங்கள். எதிரே நிற்பவர் கையை எங்கே வைப்பார் என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறீர்கள்.

மிச்சமிருந்த நாட்களில் சிலையை யாரும் தொடவில்லை. சிலர் செருப்பைக் கழற்றினார்கள், சிலர் கழற்றவில்லை. ஒரு பெரியவர் மட்டும், அனுமதி கேட்டால் கிடைக்குமா என்று உமாவிடம் விசாரித்தார்.

"அந்த அம்மாகிட்டயே கேளுங்க சார்" என்றாள் உமா. "ஆனா கெமர் பாஷையில கேக்கணும்."

பெட்டி மூடிய அன்று உமாவின் அம்மா மறுபடி வந்தார். வெற்றிலை பாக்கு, மஞ்சள், ரவிக்கைத் துணி எல்லாம் ஒரு தட்டில். சிலை இருந்த பெட்டிப் பக்கமே போகவில்லை. நேராகப் போபாவிடம் போய்த் தட்டைக் கொடுத்து, சிமிழைத் திறந்தபடி உமாவைக் கேட்டார்: "வெக்கலாமான்னு கேளு. இவங்க ஊருல கேட்டுத்தான் தொடணுமாமே." உமா கேட்டாள். போபா தலையைக் குனிந்து நெற்றியைக் காட்டினார்.

விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன் போபா கர்னலிடம் ஒரு வாக்கியம் சொன்னார். "அடுத்த சிலையையும் இங்கே அனுப்பச் சொல்வேன், உமா இருந்தால்." தோள் கறையைப் பற்றி அதற்கு முன்போ பின்போ அவர் கர்னலிடம் பேசவில்லை. அந்த மாத முடிவில் உமா நிரந்தரமானாள். கெமர் பெண்கள் இருவரும் போய்விட்டதால் அவளை ஆயுதக் கூடத்துக்கு மாற்றினார்கள்: வாள்கள், கேடயங்கள், நடுவில் ஒரு பழைய பீரங்கி.

ஆயுத பூஜை வந்தது. ஒவ்வொரு வருடமும் அன்றைக்குக் கர்னல் தட்டோடு கிளம்பிவிடுவார். கம்ப்யூட்டர், லிப்ட், ஜெனரேட்டர், வேன் என்று வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு, கடைசியாகப் பீரங்கிக்கு வருவார். அந்தப் பீரங்கியின் வாயில் பல வருடத்துக் குங்குமம் அடுக்கடுக்காக ஏறியிருந்தது. அவர் விரலைக் குங்குமத்தில் தோய்த்துக்கொண்டு கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கினார். உமா குறுக்கே நின்றாள்.

"தள்ளும்மா."

"தொடக் கூடாது சார்."

"ஆயுத பூஜைம்மா. இது ஆயுதம்."

உமா அட்டையைக் காட்டினாள். "பீரங்கி, வெண்கலம்னுதான் போட்டிருக்கு சார். சாமின்னு போடல."

கர்னல் அட்டையைப் படித்தார். பிறகு, அதை எழுதியவள் என்ற முறையில், என்னைப் பார்த்தார். நான் பீரங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காலைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் இறக்கினார். தட்டையும் இந்தப் பக்கமே தரையில் வைத்தார். விரலில் குங்குமம் இருந்தது, எங்காவது வைத்தாக வேண்டும். தன் நெற்றியில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.